வேர் தேடி வருவோரும் பாரதக் கூத்தும்

தமிழ்நாட்டு அரசாங்கம் 2023-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘வேர்களைத் தேடி’ என்னும் திட்டத்தின் பயனாக, அயல் தேசங்களில் பிறந்து வளர்ந்த தமிழ் வம்சாவளி இளைஞர்கள் குழுக்களாக இங்கே வந்து, நம்முடைய ஆலயங்களையும் புராதனச் சின்னங்களையும் கலைகளையும் கண்டு களித்துத் திரும்பிச் செல்கிறார்கள். கடலுக்கு அப்பால் தலைமுறை தலைமுறையாக அறுந்து கிடந்த உறவை ஓர் அரசாங்கம் தானே முன்வந்து புதுப்பிக்க நினைத்தது போற்றத்தக்க காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், அந்த இளைஞர்களுள் ஒருவனுடைய பாட்டனுக்குப் பாட்டன் தாது வருஷப் பஞ்சத்தில் மனைவி மக்களோடு சென்னைக்கு நடந்து வந்து கப்பலேறியவனாக இருந்தால், அவன் தஞ்சைப் பெரிய கோயிலையோ மதுரை ஆயிரங்கால் மண்டபத்தையோ தன் ஆயுளில் கண்டிருக்கமாட்டான். அவன் கண்டதும், பிரிய மனமில்லாமல் பிரிந்ததும், ஓர் ஏரிக்கரையும், அதன் பாசனத்தில் விளைந்த கொஞ்சம் கழனியும், ஊர் எல்லையில் நின்ற ஓர் அம்மன் கோயிலும், அந்தக் கோயிலுக்கு எதிரே இருந்த வெளியில் விடிய விடிய நடந்த கூத்துமே ஆகும். அவனுடைய வம்சத்தில் வந்தவன் உண்மையில் தேடி வருவது அந்த ஊரைத்தான். அந்த ஊரை அவனுக்குக் காட்ட நாம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்பதே என் கேள்வி.

தொழிற்சாலைகள் பெருகிவரும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைக் காட்டிலும் அவசரமாகிவிட்டது. பழைய வட ஆற்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் ஏராளம். 1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையைச் சேர்ந்ததிலிருந்து 1911 வரையில், நேட்டால் பிரதேசத்துக்கு மட்டும் இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷத்தில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. கரும்புத் தோட்டத்தில் வேலை. மொரீஷியஸுக்கு அதற்கு முன்பே, 1834 முதல், ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஃபிஜித் தீவுகளுக்குச் சென்னையிலிருந்து 1903-இல் போகத் தொடங்கினார்கள்.

இவ்வாறு போன ஒவ்வொருவரைப் பற்றியும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் ஒரு குறிப்பு எழுதிவைத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் என்று பத்தி பத்தியாகப் பிரித்து, இடது முழங்காலில் தழும்பு, வலது கன்னத்தில் மச்சம் என்பது வரையில் பதிந்தார்கள். அவன் ஊரைப் பற்றிய பரிவினால் அவர்கள் அப்படி எழுதவில்லை. தோட்டத்தை விட்டு ஓடிப்போனால் பிடித்து வருவதற்காக எழுதினார்கள். ஆனால் காலம் செய்யும் விந்தை, அடிமைப்பட்டவனைக் கட்டிவைக்க எழுதிய அந்த வரியே இன்று அவனுடைய சந்ததியார்க்குத் தாயகத்தின் விலாசமாக நிற்கிறது. மொரீஷியஸில் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்திலும், தென்னாப்பிரிக்காவின் ஆவணக் காப்பகங்களிலும் இப்பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட ஊர்ப்பெயர்கள் பல உருத் தெரியாமல் சிதைந்திருந்தாலும், பொறுமையுள்ளவர்கள் அவற்றை அடையாளம் கண்டுவிடலாம்.

டர்பனில் உபாத்தியாயினியாக இருக்கும் ஒரு பெண், இப்படி ஒரு வரியைக் கண்டெடுத்து, தன் முன்னோர் இறுதியாக உறங்கி எழுந்த ஊர் ஒரகடத்துக்கு அருகே உள்ளது என்று தெரிந்துகொண்டு, சென்னையில் விமானத்தை விட்டிறங்கி இங்கே வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் யாரைப் போய்க் கேட்பாள்? கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டாவும் அடங்கலும் உண்டு. அவர் நல்லவராக இருந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவார். ஆனால் 1880-இல் இவ்வூரை விட்டுப் போன ஒரு குடும்பம் எந்தத் தெருவினது, அவர்களுக்குக் குலதெய்வம் எது என்று விசாரித்துச் சொல்வது அவருடைய உத்தியோகத்தில் சேர்ந்ததன்று. வேறு யாருடைய உத்தியோகத்திலும் அது சேர்ந்ததன்று.

சீனர்கள் இவ்விஷயத்தில் நெடுந்தூரம் முன்னே சென்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், சரித்திராசிரியர் ஹிம் மார்க் லாயும் அவருடைய நண்பர்களும் 1991-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். சீன வம்சாவளியினரான சில இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, முதலில் தத்தம் குடும்பத்தின் சரித்திரத்தை அவர்களே ஆராய்ந்து எழுதும்படி செய்து, அதற்குப் பின்னரே குவாங்டாங் மாகாணத்திலுள்ள அவரவர் பூர்வீக கிராமத்துக்கு அழைத்துச் செல்வது அத்திட்டத்தின் முறை. அந்த ஆராய்ச்சிக்கு அவர்களுக்குக் கிடைத்த பெரிய ஆதாரம் எது தெரியுமா? சீனர்கள் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்கா 1882-இல் இயற்றி 1943 வரையில் அமலில் வைத்திருந்த விலக்குச் சட்டத்தின் தஸ்தாவேஜுகள்! வருகிறவன் பொய் சொல்கிறானோ என்ற சந்தேகத்தால், ஏஞ்சல் தீவு என்ற இடத்தில் அவனைப் பல நாள், பல மாதம் அடைத்துவைத்து, உன் வீடு எத்தனையாவது வரிசையில் எத்தனையாவது வீடு, கிணறு எந்தத் திசையில் இருக்கிறது, அடுத்த வீட்டுக்காரனுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று துருவித் துருவிக் கேட்டு, சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். அந்த விசாரணைக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேரப் பிள்ளைகள் இன்று கிராமத்துக்குள் நுழைந்து, வரிசையை எண்ணிக் கொண்டு நடந்து, தாத்தாவின் வாசற்படியில் போய் நிற்கிறார்கள். அங்கே வம்சத்தின் பெயர்களைத் தலைமுறை வாரியாக எழுதிய குலப் புத்தகம் ஒன்று இருக்கிறது. முன்னோர் மண்டபம் ஒன்று இருக்கிறது. வருகிறவர்களை அழைத்துப் போக மாகாண அதிகாரிகள் இருக்கிறார்கள்.

நம் பிரதேசத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை என்று யாரும் எண்ணவேண்டாம். சுங்குவார்சத்திரத்தில் பல்லாயிரம் தமிழ்ப் பெண்களுக்கு வேலை கொடுக்கும் ஃபாக்ஸ்கான் கம்பெனியை ஸ்தாபித்த டெர்ரி கோ, தைவானில் பிறந்தவரானாலும், பெற்றோர் வழியில் சீனத்து ஷான்சி மாகாணத்து ஜின்செங் பிரதேசத்தைச் சேர்ந்தவர். அந்த மாகாணத்தின் தையுவான், ஜின்செங் நகரங்களிலும் அவருடைய கம்பெனி தொழிற்சாலைகளை நிறுவியது. பூர்வீகம் என்பது எத்துணைப் பெரிய செல்வந்தரையும் இழுக்கும் ஒரு சக்தி என்பதற்கு வேறு அத்தாட்சி தேடவேண்டியதில்லை.

சீனர்களிடம் நாம் கற்கவேண்டிய இன்னொன்று, ஊரைப் போலவே ஊரின் சங்கீதத்தையும் அவர்கள் விடாமல் பற்றிக்கொண்டிருப்பது. ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்சௌ பட்டினத்தில் தமிழ் வர்த்தகர்கள் சிவனுக்குக் கோயில் எடுத்து, 1281-இல் தமிழில் கல்வெட்டுப் பொறித்தார்கள் என்பதை நம்மில் பலர் அறிவோம். அந்தப் பட்டினத்தின் பழைய இசை நான்யின் எனப்படுவது. பீப்பா என்னும் வாத்தியத்தைக் குறுக்காக மடியில் கிடத்தி மீட்ட, மூங்கில் குழல் தொடர, பாடுகிறவர் கையிலுள்ள மரத்தாளத்தைத் தட்டிக்கொண்டே, சுவான்சௌவின் பேச்சு மொழியில், மிகவும் சாவகாசமாகப் பாடுவார். மணிலாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போன அவ்வூரார் அங்கேயும் சங்கங்கள் வைத்து இந்த இசையைக் காப்பாற்றினார்கள். 2009-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அங்கீகரித்தது. அயல்நாட்டில் பிறந்த பேரன் ஒருவன் சுவான்சௌவுக்கு வரும்போது, வீதிகளும் வீடுகளும் மாறியிருக்கலாம். ஆனால் தன் ஊர்ச் சங்கத்தில் தாத்தா பாடக் கேட்ட பாட்டு அங்கே ஒரு மண்டபத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும். அதைக் கேட்ட மாத்திரத்தில் அவனுக்கு வேறு சாட்சி வேண்டியிராது.

நமக்கும் அப்படி ஒரு சங்கீதம் இருக்கிறது. நான் சொல்வது கர்நாடக சங்கீதத்தை அன்று. அதற்கு ஆதரவாளர்கள் நிறைய உண்டு. காஞ்சிபுரத்துக்கும் செய்யாற்றுக்கும் சுற்றுவட்டத்தில், திரௌபதியம்மன் கோயில்களில் கோடைக்காலந்தோறும் நடக்கும் பாரத உற்சவத்தைச் சொல்கிறேன்.

அதை ஒரு தடவையாவது முழுவதும் இருந்து பார்த்தவர்களுக்கு நான் விவரிக்கவேண்டியதில்லை, பாராதவர்களுக்காகச் சொல்கிறேன். பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் பந்தலில் அமர்ந்து கதை சொல்வார். இரவு சாப்பாட்டு வேளை கழிந்தபின் கூத்து ஆரம்பமாகும். பக்கத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு, கண்ணாடிச் சில்லும் வர்ணக் காகிதமும் பதித்த மரக் கிரீடத்தையும், தோளில் புஜகட்டைகளையும், மார்பில் பதக்கத்தையும் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்வார். எல்லாம் கட்டி முடிய இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அதற்குள் கட்டியங்காரன் ஜனங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருப்பான். பிறகு இரண்டு பேர் ஒரு திரையைப் பிடிக்க, ஆர்மோனியமும் மிருதங்கமும் டோலக்கும் உச்சத்துக்கு ஏற, முகவீணையின் கீச்சென்ற நாதம் காற்றைக் கிழித்துக்கொண்டு அடுத்த ஊர் வரையில் போக, திரைக்குப் பின்னே இருந்தே துரியோதனன் விருத்தம் பாடித் தன் வரவை அறிவிப்பான். அர்ச்சுனன் தபசு அன்று, நெடிய பனைமரத்தை மைதானத்தில் நட்டு, வேஷக்காரர் படிப்படியாகப் பாடிக்கொண்டே அதன் உச்சிக்கு ஏறுவார். குழந்தை வரம் வேண்டும் ஸ்திரீகள் ஈரப் புடவையோடு கீழே காத்திருந்து, அவர் மேலிருந்து எறியும் பழத்தையும் பூவையும் மடியில் ஏந்துவார்கள். கடைசி நாள் படுகளம். தரையில் மண்ணால் மிகப் பெரிதாகச் செய்த துரியோதனன் படுத்திருக்க, அவன் தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். அன்று மாலை தீமிதி. இவ்வளவும் மேடையில் நடக்கும் நாடகம் மட்டுமன்று. ஊரார் அத்தனை பேரும் அதில் பாத்திரங்கள்.

கப்பலேறிப் போனவர்கள் மூட்டையில் வேறு எதைக் கொண்டு போனார்களோ, இதைக் கொண்டு போனார்கள். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் இக்கூத்து வேரூன்றி, அங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் பெற்றது. டர்பன் பக்கத்துத் திரௌபதி கோயில்களில் இன்றும் தீமிதி நடக்கிறது. ரீயூனியன் தீவில் இரவு முழுவதும் நடக்கும் நாடகத்தைப் பிரெஞ்சு வாடையோடு ‘பால் தமூல்’ என்கிறார்கள். அங்கே திரௌபதிக்குப் ‘பாண்டியலே’ என்று பெயர், நம் பாஞ்சாலிதான். 1854-இல் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதன் முதலாக இந்தியர்களைக் கொண்டுபோய் இறக்கிய குவாதலூப்பில் இதற்கு ‘நாத்ரோன்’ என்று பெயர். இவ்விடங்களில் தமிழ் பேச்சு வழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோய்விட்டது. ஆயினும், அர்த்தம் முழுதும் விளங்காமற் போனாலும், நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த விருத்தங்களைத் தகப்பன் பாடியவாறே மகன் பாடிக்கொண்டு வந்திருக்கிறான். மொழியை இழந்தவர்கள் பாட்டை இழக்கவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்தோ ரீயூனியனிலிருந்தோ வருகிற பிள்ளைக்கு மாமல்லபுரம் ஆச்சரியத்தைக் கொடுக்கும். முகவீணையோ அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

இந்த நிலையில்தான் நம் வட்டாரத்தைப் பார்க்கவேண்டும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியதையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டதையும், சுங்குவார்சத்திரமும் மாம்பாக்கமும் வல்லம் வடகாலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிப்காட் தொழிற்பேட்டைகளின் வரைபடத்தில் ஏறியதையும் நான் குறைகூறவில்லை. மானாவாரிக் காடும் வட்டிக் கடனுமாக இருந்த குடும்பங்களில் மாதச் சம்பளம் நுழைந்தது. வீட்டை விட்டு வெளியே வராத பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கு ஒரு விடுதியே எழும்பிவிட்டது. ஆனால் அதே காலத்தில், ஏரிக்கால்வாய்கள் மதிற்சுவருக்குள் போயின. களத்துமேடுகள் லாரி நிறுத்துமிடங்களாயின. கூத்து நடந்த வெளிகளில் விடுதிகளும் கிடங்குகளும் எழுந்தன. கடிதத்தில் எழுதும் விலாசங்கூட, கிராமப் பெயரை விட்டுச் சிப்காட் மனை எண்ணுக்கு மாறிவிட்டது. ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டில் 2022-இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலக் கருவிகளும் ரோமாபுரியின் ஜாடித் துண்டுகளும் வெளிப்பட்டன. மண்ணுக்கடியில் இருப்பதைத் தோண்டியெடுக்கத் துறை இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்திய குடியானவனுடைய தெருவைக் குறித்துவைக்கத்தான் ஆளில்லை.

கூத்தின் கதியும் கவலைக்குரியது. கூத்துக்காரருடைய பிள்ளைக்கு இன்று ஒரகடத்தில் வேலை கிடைக்கிறது; கிடைக்கவேண்டும். ஆனால் இரவு ஷிப்டுக்குப் போகிறவன் இரவுக் கூத்துக்கு வேஷம் கட்ட முடியாது. பகல் ஷிப்டுக்குப் போகிறவன் விடிய விடிய ஆடிவிட்டுக் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. காண்ட்ராக்டில் இருப்பவனுக்குப் பத்து நாள் உற்சவத்துக்கு லீவு என்று கேட்கவே நா எழாது. பெருங்கட்டூர் ராஜகோபால் போன்ற பெரும் கலைஞர்கள் 1990-இல் இக்கலைக்கெனக் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கியதும், காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் அமைத்துப் பையன்களோடு பெண் குழந்தைகளுக்கும் கூத்தும் பள்ளிப் படிப்பும் சேர்த்துக் கற்பித்ததும் இந்நாட்டுக் கலைச் சரித்திரத்தில் அழியாத இடம் பெறவேண்டிய காரியங்கள். 2020-இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு பள்ளி, இத்தனை கோடி ரூபாய் மூலதனம் குவிந்த ஒரு வட்டாரத்தின் பக்கத்திலேயே நிலைக்க முடியாமற் போனது நம் எல்லோருக்கும் வெட்கத்தைத் தரவேண்டும்.

பணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் காணும் கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக காரியங்களுக்குச் செலவிடவேண்டும் என்கிறது; அக்காரியங்களின் அட்டவணையில் பாரம்பரியக் கலைகளைப் பேணுவதும் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குச் சுவரும் குடிநீர்த் தொட்டியும் கட்டிக் கொடுப்பதோடு, தங்கள் மதிலுக்கு வெளியே உள்ள கிராமத்தின் பாரத உற்சவத்தையும், அதில் ஆடும் குழுவையும், அது நடக்கும் வெளியையும் இக்கம்பெனிகள் தத்தெடுக்கலாம். உற்சவ நாட்களில் உள்ளூர்த் தொழிலாளிக்கு ஷிப்டை மாற்றிக் கொடுப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஊர்களைப் பற்றிய ஆதாரங்களும் இல்லாமலில்லை. இந்தச் செங்கல்பட்டுப் பிரதேசம் கிழக்கிந்தியக் கும்பினியாரின் ஜாகீராக இருந்த காலத்தில், 1767 முதல் 1774 வரையில், தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினியர் ஏறத்தாழ 2,000 கிராமங்களை அளந்து, ஒவ்வொன்றிலும் வீடுகள் எத்தனை, எந்தெந்தத் தொழிலினர் வாழ்ந்தனர், ஏரி எவ்வளவு, கோயிலுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் விட்ட மானியம் எவ்வளவு என்று கணக்கெடுத்தார். காந்தியவாதி தரம்பால் அக்கணக்குகளின் அருமையை எடுத்துக்காட்டிய பிறகே நாம் அவற்றைத் திரும்பிப் பார்த்தோம். அமெரிக்கச் சீனனுக்கு விசாரணைக் காகிதம் எப்படியோ, அப்படியே நமக்கு இவை. இக்கணக்குகளையும், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள குடியேற்றக் காகிதங்களையும், மோக்காவிலும் டர்பனிலும் உள்ள கப்பல் பதிவேடுகளையும் கிராமவாரியாக ஒன்றோடொன்று பொருத்தி, ஒவ்வொரு தாலுகாவுக்கும் ஓர் ஊர்ப் புத்தகம் தயாரிப்பது அயலகத் தமிழர் நலத்துறையும் ஏதேனும் ஒரு சர்வகலாசாலையும் சேர்ந்து சில வருஷங்களில் முடிக்கக்கூடிய வேலைதான். ‘வேர்களைத் தேடி’ வருகிறவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் தம் ஊரைத் தாமே தேடும் பொறுப்பைப் பயணத்துக்கு முன்பே கொடுக்கவேண்டும்; சான் பிரான்சிஸ்கோ முறையில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். வந்த பிறகு, குளிரூட்டிய அரங்கத்தில் அரைமணி நேரத்துக்குச் சுருக்கிய கூத்தைக் காட்டாமல், கோடையில், காஞ்சிபுரத்துப் பக்கத்து ஒரு கோயில் வெளியில், பாயில் உட்காரவைத்து ஓர் இரவு முழுவதையும் அவர்களுக்குக் கொடுக்கவேண்டும்.

ஊரை விட்டுப் போனவரை மறவாத பண்பு ஸ்ரீபெரும்புதூருக்குப் புதிதன்று. 1017-இல் அங்கே அவதரித்த ராமாநுஜர் பிற்காலத்தில் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தபோது, பிறந்த ஊரார் தம் மனக்குறை தீர அவருடைய திருமேனியை வடிக்க, அவரே அதைத் தழுவி உகந்து அனுப்பினார் என்பது வைணவ சம்பிரதாயம். ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியில் இன்றும் அது ‘தானுகந்த திருமேனி’யாக விளங்குகிறது. ஊரை விட்டுப் போன ஒருவருக்கு ஊரில் ஓர் இடம் வைத்திருப்பது அவ்வூராரின் ஆயிரம் வருஷத்து வழக்கம். கரும்புத் தோட்டத்துக்குப் போனவனுக்கும் அந்த இடம் உண்டு. இன்று திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து வல்லம் வடகால் விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணுடைய மகளும் ஒருநாள் தன் தாயின் ஊர் எது என்று கேட்பாள்.

இதே வட்டாரத்தில், பரந்தூர் விமான நிலையத்துக்காக 2022-இல் இடம் குறிக்கப்பட்ட கிராமங்களில், ஏகனாபுரத்தார் அந்நாள் முதல் எதிர்ப்புத் தெரிவித்து, கிராம சபையில் தீர்மானத்தின்மேல் தீர்மானம் நிறைவேற்றி வருகிறார்கள். அவர்களுடைய வழக்கு எப்படி முடிந்தாலும், ஒரு வீடு இடிபடுவதற்கு முன்னே, அத்தெருக்களின் பெயர்களும், குடும்பங்களின் குலதெய்வங்களும், கோயில் மானியங்களும், உற்சவத்தில் பாடிய பாட்டுக்களும், பாடியவர் குரலிலேயே பதிவாகவேண்டும். நான் மேலே சொன்ன ஊர்ப் புத்தகத்தின் முதல் ஏட்டை அங்கிருந்தே, இந்த வருஷமே, எழுதத் தொடங்கவேண்டுமென்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.